யார் போட்ட எரு

நான் எதையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை. பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பிறகு விரலில் தொட்டுப் பார்ப்பேன். திராட்சை எடைபோட வருகிறவர்கள் தராசை இறக்கி வைத்ததும் முதலில் நான் ஏறி நிற்பேன். என் எடை எனக்குத் தெரியும். கோயிலில் விபூதி கொடுத்தால்கூட அடுப்புச் சாம்பலா என்று முகர்ந்து பார்க்கிறவள் இவள் என்று என் வீட்டுக்காரர் சொந்தக்காரர்கள் நடுவில் வைத்துக் கேலி பண்ணுவார். பண்ணட்டும். இந்தப் பக்கத்தில் ஏமாந்து போனவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள்தான். எனக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

எங்கள் தோட்டத்துக்குக் காமயகவுண்டன்பட்டி டவுன் பஸ்ஸில் போய், நடுவில் இறங்கி, வண்டிப்பாதையில் நடக்க வேண்டும். பன்னீர் திராட்சைப் பந்தல், அதை ஒட்டிக் கொஞ்சம் தென்னை, ஒரு கிணறு. கிழக்கே ஓடை. என் அப்பா எனக்கு எழுதிக் கொடுத்த நிலம், அதனால் பட்டா என் பெயரில் இருக்கிறது. உழைப்பு இரண்டு பேருடையதும். ஆளுக்குச் சொல்வது, உரம் வாங்குவது, வியாபாரியோடு பேசுவது எல்லாம் வீட்டுக்காரர். சந்தேகப்படுவது நான்.

கவாத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் எருப் பைத்தியம் பிடித்துவிடும். கொடியை வெட்டிக் கழித்துவிட்டு, தூரைச் சுற்றிப் பள்ளம் பறித்து எரு வைத்தால்தான் அடுத்த காய்ப்பு ஒழுங்காக வரும். தேங்காயும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு மலையேறிக் கேரளாவுக்குப் போகிற லாரிகள் காலியாகத் திரும்புவதில்லை. அங்கிருக்கும் பண்ணைகளில் கோழி எருவை வாரிப் போட்டுக்கொண்டு வரும். தெரிந்த டிரைவருக்கு ஒரு போன் போட்டால் போதும். நாம் தோட்டத்தில் இல்லாவிட்டாலும் மூலையில் கொட்டிவிட்டுப் போய்விடுவான். கிளறிப் பார்த்து வாங்குகிற பழக்கம் யாருக்கும் கிடையாது. என்னைப் போன்றவள்கூட எருவைச் சந்தேகப்பட்டதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஒருவர் எருவை இன்னொருவர் தொடமாட்டார்கள். பாதையோரத்தில் யார் நிலத்தில் யார் குவியல் கிடந்தாலும், உடையவர் வந்து அள்ளுகிற வரை கிடக்கும். மாதக்கணக்காகக் கிடந்தாலும் யாருடையது என்று கேட்கமாட்டார்கள். கேட்டால் கண் வைக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு கூடை எருவில் கை வைத்தான் என்று பேர் வாங்கியவன் அப்புறம் ஊரில் நிமிர்ந்து நடக்க முடியாது. காலால் தட்டிப் பார்ப்பதுகூட அசிங்கம்.

அப்படி ஒரு குவியல் ஒருநாள் காலையில் எங்கள் கிழக்கு மூலையில், ஓடைக்கரையை ஒட்டிக் கிடந்தது. மேலே பச்சை வலை, வலைக்கு மேல் தென்னமட்டை. கோழி எரு நாற்றம் குடலைப் பிடுங்கியது. யார் போட்டது என்று யோசிக்க எனக்கு நேரமே ஆகவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன் முறை. மினி லாரி வைத்துத் தேங்காய் ஏற்றிக்கொண்டு குமுளிப் பக்கம் போய்வருகிறவர். வண்டிப்பாதையில் அவர் வேலியைத் தள்ளிப் போட்டதிலிருந்து எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தன் நிலத்தில் இடமில்லாமலா என் நிலத்தில் கொண்டுவந்து போட்டான், நாளைக்கு இந்த மூலையும் தன்னுடையது என்று சொல்வதற்குத்தான் என்று எனக்குள் பொங்கியது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். யாராவது போட்டிருப்பார்கள், கவாத்து முடிந்தால் அள்ளிக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டு அவர் பந்தலுக்குள் போய்விட்டார். அவர் எப்போதும் அப்படித்தான். சண்டை என்றால் எட்டு ஊருக்கு அப்பால் போய் நிற்கிற மனிதர். ஒருநாள் காற்றில் மட்டையெல்லாம் பறந்தபோது அவரே போய் எடுத்துப் போட்டு, வலை ஓரத்தில் கல்லும் வைத்துவிட்டு வந்தார். போனால் போகிறது, தம்பி எருதானே என்று செய்கிறார் என நினைத்து, எனக்கு அதற்கும் கோபம் வந்தது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. மழை விட்ட காலையில் போய்ப் பார்த்தால், நாய்கள் குவியலை ஒரு பக்கமாகப் பறித்துப் போட்டிருந்தன. நாற்றமும் மாறியிருந்தது. கோழி எருவுக்குள்ளிருந்து ஆஸ்பத்திரி வாடை அடித்தது. ஊர் வழக்கமாவது ஒன்றாவது என்று களைக்கொத்தால் கிளறினேன். மேலாக மட்டும்தான் எரு. அடியில் கறுப்புக் கறுப்பாகப் பைகள். ஒரு பை கிழிந்து கிடந்தது. ரப்பர் கையுறை, குளுக்கோஸ் டியூப், மருந்து பாட்டில், ரத்தம் காய்ந்த பஞ்சு, ஊசிகள். ஊசி மட்டும் எவ்வளவு என்று பார்க்கப் பார்க்க வந்துகொண்டே இருந்தது. வெறுங்காலோடு நிற்கிறேன் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

மலையாளத்தில் எழுதிய சில சீட்டுகளும் கிடந்தன. கல்யாணத்துக்கு முன்னால் ஜீப்பில் ஏறிக் கேரளாவில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போய்வந்தவள் நான். மலையாளம் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். மருந்துப் பெயர் இருந்தது, வயது இருந்தது. ஆஸ்பத்திரிப் பெயரும் ஊரும் இருக்க வேண்டிய மூலை எல்லாச் சீட்டிலும் கிழிக்கப்பட்டிருந்தது. ஒன்று கிழிந்திருந்தால் நாய் கிழித்தது என்பேன். எல்லாமே அதே இடத்தில் கிழிந்திருந்தால் உட்கார்ந்து கிழித்திருக்கிறார்கள். அவ்வளவு பொறுமையாக வேலை பார்க்கிறவர்களுக்குத் தங்கள் அழுக்கைப் போட எங்கள் ஊர்தான் கிடைத்திருக்கிறது. மழைத் தண்ணீர் குவியலுக்கு அடியிலிருந்து பழுப்பாக வழிந்து ஓடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஓடைத் தண்ணீர் ஊறித்தான் எங்கள் கிணற்றுக்கு வரவேண்டும்.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. பேசாமல் குழி தோண்டி மூடிவிடலாம் என்றார். நான் அவரைப் பார்த்துச் சத்தம் போட்டுவிட்டு, அங்கே நின்றபடியே பேரூராட்சி ஆபீசுக்குப் போன் பண்ணினேன்.

மத்தியானம் சூப்பர்வைசர் பைக்கில் வந்தார். மூக்கில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு குவியலைப் பல கோணத்தில் போட்டோ எடுத்தார். கடைசியில் என்னைக் குவியலுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். நான் எதற்கு என்றேன். நிலத்துக்காரரும் இருந்தால்தான் படம் செல்லும் என்றார். கல்யாண வீட்டில் பெண் மாப்பிள்ளையை நிறுத்துகிற மாதிரி என்னையும் அந்தக் குப்பையையும் சேர்த்து நிறுத்தி எடுத்தார். அந்தப் படம் எங்கே போகும் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். மேலே போகும் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வி.ஏ.ஓ.வும் தலையாரியும் டேப்போடு வந்தார்கள். குவியல் கிடக்கிற இடம் ஓடைப் புறம்போக்கா, பட்டா நிலமா என்று அளக்க வேண்டுமாம். புறம்போக்கு என்றால் அரசாங்கம் அள்ளும். பட்டா என்றால் நான் பதில் சொல்ல வேண்டும். தலையாரி டேப் நுனியை எல்லைக்கல்லில்தான் வைத்திருக்கிறாரா என்று நான் குனிந்து குனிந்து பார்த்தேன். அளந்து முடித்துக் குவியல் முழுக்க என் நிலத்தில்தான் என்றார்கள். இத்தனை வருஷமாக அந்த ஓரத்தில் ஒரு தென்னம்பிள்ளை வைக்கப் போனால் புறம்போக்கு, புறம்போக்கு என்று விரட்டியவர்கள், அன்றைக்குத் தாராளமாக எனக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வாய்விட்டே சொன்னேன். வி.ஏ.ஓ. சிரித்துக்கொண்டே டேப்பைச் சுருட்டினார்.

அப்புறம் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். செயல் அலுவலர் ஒரு பெண், என் மகள் வயதுதான் இருக்கும். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தது. மெத்தென்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் கொஞ்சம் பயம் அதிகம். ஆஸ்பத்திரிக் கழிவு என்பதால் விஷயம் போலீஸ் வரைக்கும் போய்விட்டது, மாவட்டத்திலிருந்து தினம் கேட்கிறார்கள் என்று சொன்னது. எல்லை தாண்டி வருகிற வண்டியெல்லாம் இங்கே ஒரு ஆள் சொல்லாமல் வந்து கொட்டாது, அந்த ஆள் யார் என்பதுதான் வேண்டும் என்றது. நான் வண்டியைப் பார்க்கவில்லை என்றேன்.

"அப்ப யார் மேல சந்தேகம்னு எழுதிக் குடுங்கம்மா. விசாரிச்சு அந்த ஆள் மேல கேஸ் போடுறோம். பேரே இல்லேன்னா பட்டாதாரர் மேலதான் போடணும். எனக்கு வேற வழி இல்ல."

வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்று கெடு வைத்து அனுப்பியது. ஆக, நான் ஒரு பெயரைச் சொன்னால் அந்த ஆள் மேல் கேஸ், சொல்லாவிட்டால் என் மேல் கேஸ். வெளியே வந்து பார்த்தால், ஆபீஸ் காம்பவுண்டை ஒட்டி அவர்கள் வண்டியே கொண்டுவந்து போட்ட ஊர்க் குப்பை புகைந்துகொண்டிருந்தது. இதை எந்தப் பட்டாவில் கொட்டியிருக்கிறார்கள் என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

செய்தி எனக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. பழனிசெட்டிபட்டியில் கட்டிக் கொடுத்திருக்கிற மகள் போனில் அழுதாள். மாப்பிள்ளை வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டதாம். திராட்சை வியாபாரி, இந்தத் தடவை உங்கள் தோட்டம் வேண்டாம், யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்கு இன்றைக்கு வரை பதில் இல்லை.

அன்று சாயங்காலம் கொழுந்தன் வீட்டுக்கு வந்தார். பாதைச் சண்டைக்குப் பிறகு எங்கள் வாசலை மிதித்தது அப்போதுதான். அவர் மனைவி உள்ளே வராமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்றாள். ஊரெல்லாம் அவரைத்தான் சொல்கிறது. மினி லாரி வைத்து மலையேறிப் போய்வருகிற ஆள், வேலிச் சண்டைக்காரன். ஊருக்குள் அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது நான்தான் என்பதும் அவருக்குத் தெரியும்.

"மதினி, வேலியை வேணும்னா நாளைக்கே தள்ளிப் போட்டுத் தாரேன். எம்பேரை மட்டும் எழுதிக் குடுத்துராதீக. வண்டியப் புடிச்சாகன்னா விடமாட்டாக. அது போச்சுன்னா நாங்க போனோம்."

செய்யாதவன் எதற்குப் பாதையை விட்டுத்தர வேண்டும் என்றுதான் எனக்கு முதலில் பட்டது. கெஞ்சுகிறவனையும் சந்தேகப்பட்டேன். ஆனால் கேட்டுக்கு வெளியே நின்ற அவள் என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சலே இல்லை. சாபம் கொடுக்கத் தயாராக இருக்கிறவள் மாதிரி நின்றாள். செய்தவன் வீட்டுப் பெண்ணுக்கு அந்தத் தைரியம் வருமா? அவர்கள் போன பிறகு கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன்.

வீட்டுக்காரர்தான் ஆரம்பித்தார். யோசிக்காதே, எழுதிக் கொடு, அவன்தான் என்றார். நான் பாதைக்காகக் கொழுந்தனோடு மல்லுக்கு நின்றபோதெல்லாம், போகட்டும் விடு, என் ரத்தம் என்று என்னை இழுத்துக்கொண்டு போன மனிதர் இவர். ஊரில் ஒருவரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசமாட்டார். குப்பை கிளம்பியதிலிருந்து ஒரே ஒரு காரியத்தில்தான் உறுதியாக இருந்தார், தம்பி பெயரை எழுத வேண்டும் என்பதில். அன்றைக்கு எனக்கு அந்தத் தென்னமட்டை ஞாபகம் வந்தது. அடுத்தவர் குவியலைக் காலால்கூடத் தொடாத ஊரில், காற்றில் பறந்த மட்டையை இவர் எதற்காகப் பொறுக்கிப் போட்டு மூடினார்? கல் எதற்கு வைத்தார்? தொட்டிருக்கிறார் என்றால் தன்னுடையது என்று தெரிந்துதான் தொட்டிருக்கிறார்.

அந்த நினைப்பு வந்ததும் அதை அப்படியே அமுக்கப் பார்த்தேன். என்ன இருந்தாலும் இவரைப் போய் என்று எனக்கே என் மேல் கோபம் வந்தது. காலையில் பந்தலுக்கு அடியில் அவர் கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"இந்தக் கவாத்துக்கு எரு சொல்லலையா?" என்று கேட்டேன்.

சொல்ல வேண்டும் என்றார், என்னைப் பார்க்காமல். தீபாவளியை மறந்தாலும் எருச் சொல்ல மறக்காத ஆள். மட்டையை எடுத்து மூடினீர்களே, அது எதற்கு என்றேன். அவர் கை கம்பியிலேயே நின்றுவிட்டது.

அப்புறம் எல்லாம் வந்தது. பண்ணைப்புரத்தில் ஒரு துக்க வீட்டில் இருந்தபோது அந்த டிரைவர் போன் பண்ணியிருக்கிறான். வருஷக்கணக்காக எங்களுக்கு எரு போடுகிறவன். லோடு இருக்கு, போடவா என்று கேட்டிருக்கிறான். கொட்டிட்டுப் போப்பா என்று இவரும் சொல்லியிருக்கிறார். மறுநாள் பார்த்தால் குவியல் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது. இவர் கேட்காத வலை வேறு. ஏதோ சரியில்லை என்று பட்டதால், நான் கேட்டபோது சட்டென்று யாரோ போட்டது என்று சொல்லிவிட்டார். காற்றில் மட்டை பறந்த அன்றைக்குத்தான் பை வாயைப் பார்த்திருக்கிறார். டிரைவருக்கு அடித்தால் போன் அணைந்து கிடந்தது. கவாத்து வேலையோடு வேலையாகப் புதைத்துவிடலாம் என்று இருந்திருக்கிறார். அதற்குள் மழை வந்துவிட்டது.

நான் சொன்னேன், ஏமாந்தது தப்பில்லை, யாராக இருந்தாலும் ஏமாந்திருப்பார்கள். நேராகப் போய் அந்த ஆபீசர் பிள்ளையிடம் சொல்லுங்கள், டிரைவர் நம்பரைக் கொடுங்கள், அவனைப் பிடித்தால் அனுப்பியவன் வரைக்கும் பிடிக்கலாம் என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். சொன்னால் தன்னையும் சேர்த்துக் கூட்டாளி என்பார்கள் என்றார். அப்படியென்றால் ஒன்றும் தெரியாத தம்பியை ஏன் எழுதச் சொல்கிறீர்கள் என்றேன்.

"அவன் பேரை எழுதுனா ரெண்டு பேரும் தப்பிச்சோம். அவன் எப்படியும் சமாளிச்சுக்குவான். எழுதலேன்னா உன்னைய இழுப்பாக."

என்னைக் காப்பாற்றத்தான் இப்படியெல்லாம் புத்தி போயிருக்கிறது என்று ஒரு நொடி மனசு இளகியது. அவர் பேச்சை முடிக்கவில்லை.

"இழுத்தாலும் பொம்பளைன்னு உன்னைய ரொம்பப் படுத்தமாட்டாக. நான்னா உள்ள வச்சுருவாக."

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை. இதையும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். முதலில் தம்பி, அவன் நழுவினால் பெண்டாட்டி, கடைசி வரைக்கும் தான் இல்லை. இத்தனை வருஷம் பாலையும் தராசையும் சந்தேகப்பட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கிறது, நீங்களே சொல்லிவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறினோம். எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு அவர் நின்றுகொண்டே வந்தார். பசிக்குமே என்று பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். இப்போது வாய் திறப்பார், இப்போது திறப்பார் என்று நான் வழி முழுக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். வெயில் ஏறிவிட்டது என்று சொன்னார், வேறொன்றும் சொல்லவில்லை.

ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில் கொழுந்தனும் அவர் மனைவியும் நின்றுகொண்டிருந்தார்கள். விசாரணைக்கு அவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். வண்டிச் சாவியைக் கையில் பொத்தி வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் அவர் தோளில் கை போட்டு, "என்னப்பா, சாப்பிட்டியா?" என்று கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உள்ளே அந்த அதிகாரி பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டது. நீங்கள் சொல்லச் சொல்ல நானே எழுதிக்கொள்கிறேன், கையெழுத்து மட்டும் போடுங்கள் என்றது. என் பெயர், நிலம், குவியலைப் பார்த்தது எல்லாம் எழுதியாயிற்று. யார் மேலம்மா, பேரைச் சொல்லுங்கள் என்று கேட்டது. எனக்குப் பின்னால் வீட்டுக்காரர் செருமினார். இன்னும்கூட அவருக்கு நேரம் இருந்தது. நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதே கிடையாது. எங்கள் பக்கம் என் வயதுப் பெண்கள் சொல்லமாட்டோம். ஆஸ்பத்திரியில் கேட்டால் மகளைச் சொல்லச் சொல்வேன். ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவேன். அதே பெயரில் இருக்கிற சாமியைக்கூட வேறு பெயர் சொல்லித்தான் கும்பிடுவேன். அன்றைக்குச் சொன்னேன். மாமனார் பெயரையும் சேர்த்து, எழுத்துத் தப்பாமல் எழுதிக்கொள்கிற மாதிரி நிறுத்திச் சொன்னேன்.

அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து எழுதிக்கொண்டே, இந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டது.

"இந்தா, எனக்குப் பின்னாடி நிக்கிறாகள்ல, அவுகதான்" என்றேன்.